அரைத் திருகு

அந்த மோட்டாரைக் கெடுத்தவன் நான்தான்.

கெடுத்தேன் என்றால் காயிலை எரிக்கவில்லை, வயரை அறுக்கவில்லை. ஒரே ஒரு திருகாணியை அரைத் திருகு இளக்கி வைத்தேன். அவ்வளவுதான்! அந்த அரைத் திருகில் ஒரு கிணறு மண்ணுக்குள் போனது. எனக்கு ஒரு குடும்பம் வந்தது.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

நான் கூச்சக்காரன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு வயரிங் வேலை. சுவரோடு மட்டும் பேசினால் போதும் என்பதால்தான் அந்த வேலையே எனக்குப் பிடித்தது. பெண்கள் யாராவது எதிரே வந்தால் ஏணியில் இன்னும் இரண்டு படி ஏறிக்கொள்வேன். முப்பத்தைந்து வயது வரை அப்படியே ஏறிக்கொண்டிருந்தேன்...

அந்த வீடு பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலை தெரிகிற தூரத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் மில் தொழிலாளி. வேலை முடிந்து வந்த மாலைகளில் தானே பாறையை உடைத்து அந்தக் கிணற்றை இறக்கியிருந்தார். மோட்டாரின் சுவிட்ச் கிணற்று மேட்டிலேயே ஒரு தகரத்துக்கு அடியில் இருந்தது.

“ஏனுங்க தம்பி, அந்தச் சுச்சை ஊட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சுக் குடுத்துருங்க. மழை நாள்ல கரண்டு அடிச்சு அம்மணி கையை ஒதறிட்டு வருது” என்றார்.

அம்மணி என்றது அவருடைய மகள் சரசுவை. தாயில்லாத பெண். வரன்கள் வந்து பார்த்துப் போய்க்கொண்டே இருந்தன. அதற்குள் அவளுக்கு முப்பது வயதாகிவிட்டது.

கிணற்றிலிருந்து சமையலறைச் சுவர் வரை மண்ணைப் பறித்து, பைப்பைப் பதித்து, அதற்குள் வயரை இழுத்தேன். மோட்டாருக்குப் பக்கத்தில், தொட்டிச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. மோட்டாரிலிருந்து வரும் வயரும் வீட்டுக்குப் போகும் வயரும் அதற்குள்தான் திருகாணியில் சேரும்.

மதியம் சரசு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரின் ருசியை எப்படிச் சொல்வேன்! குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டேன். வாய் திறந்து நான் ஒன்றைக் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.

“பேச வருமுங்களா உங்களுக்கு? நான் கரண்டு அடிச்சு வாய் நின்னு போச்சாட்டம்னு நெனச்சேன்” என்று சிரித்தாள்.

சாயங்காலம் வேலை முடிந்தது. அடுப்படியில் இருந்தபடியே அவள் சுவிட்சைத் தட்ட, தொட்டியில் தண்ணீர் விழுந்தது. நான் பெட்டியை மூடப் போனேன். எல்லாத் திருகாணியும் இறுக்கமாகத்தான் இருந்தது. இனி இந்த வீட்டுக்கு நான் வர ஒரு காரணமும் இல்லை என்று தோன்றியது... திருப்புளி பிடித்த கை தானாக எதிர்ப்பக்கம் திரும்பியது.

தானாக! பார்த்தீர்களா, இப்போதும் கையின் மேல்தான் பழியைப் போடுகிறேன். கை யாருடையது?

மோட்டார் ஓட ஓட அதிரும். அதிர அதிரத் திருகாணி இளகும். ஒரு வாரத்துக்குள் வயர் நழுவிவிட்டது. கூப்பிட்டார்கள். போனேன். அங்கே இங்கே தொட்டுப் பார்ப்பதுபோல் பார்த்து, திருகாணியை முறுக்கினேன். மோட்டார் ஓடியது. கிளம்பும்போது மறுபடியும் அரைத் திருகு இளக்கிவிட்டேன்.

“கோளாறு எங்கீங்க தம்பி?” என்று அவர் கேட்டார்.

“புடிபடலீங்க” என்றேன்.

இப்படியே மாதங்கள் போயின. மோட்டாரைக் கழற்றி வேறு ஆளிடம் கொடுத்துக் காயிலைக்கூடப் பார்த்தார்கள். காயில் நன்றாகத்தான் இருந்தது. போகும்போதெல்லாம் சரசுவிடம் நான் பேசுவதில் ஒரு வாக்கியம் கூடியது. ஒரு நாள் பெட்டியைத் திறந்தபோது உள்ளே பொறி பறந்து கறுத்த தடம் இருந்தது. தீப்பிடித்திருந்தால்? வயர் தொட்டியின் மேல் விழுந்திருந்தால்? நினைத்தேன். நினைத்தும் இளக்கினேன்! இதை எந்த வகையில் அன்பு என்று சொல்வது?

அதன் பிறகு கொடுமுடியில் ஒரு கல்யாண மண்டபத்து வேலைக்காகப் போய்விட்டேன். திரும்பி வந்து அந்த வீட்டுக்குப் போனபோது வாசலில் டிப்பர் லாரி. கிணற்றுக்குள் மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தது.

சரசுவின் அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

“வாஸ்து பாக்கறவரைக் கூட்டியாந்தனுங்க தம்பி. கெணறு அக்னி மூலைல இருக்குதாமா. அக்னி மூலைல தண்ணி இருந்தா ஊட்டுல ஒண்ணும் நிக்காதாமா. மோட்டாரும் ஓடாது, வரனும் நிக்காது. நீங்களே பாத்தீங்கல்ல... எத்தன தடவ வந்தும் கோளாறு புடிபடவே இல்லையே.”

லாரி அடுத்த நடைக்குப் போய்விட்டது. எட்டிப் பார்த்தேன். ஆழத்தில், மண் மேட்டின் ஓரத்தில், இன்னும் தண்ணீர் மினுங்கியது. அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். “கெணத்து மேல தப்பில்லீங்க, என் மேலதானுங்க.” இவ்வளவுதான். ஐந்தாவது படித்தவனால் சொல்ல முடியாத வார்த்தையா அது?

“செரிங்க” என்றேன்.

லாரி திரும்பி வந்தது.

பிறகு ஈசானி மூலையில் போர் போட்டார்கள். உப்புத் தண்ணீர். அதற்கும் நான்தான் வயர் இழுத்தேன். ஒவ்வொரு திருகாணியையும் கை வலிக்க முறுக்கினேன். மோட்டார் நிற்கவேயில்லை. அவருடைய நம்பிக்கைக்கு அதுவே சாட்சியாகிப் போனது.

ஒரு நாள் அவரே என்னை உட்காரச் சொல்லி, “தம்பி, நீங்க எந்தக் கூட்டமுங்க?” என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வியை யாரும் சும்மா கேட்பதில்லை. ஒரே கூட்டம் என்றால் பங்காளி, வேறு கூட்டம் என்றால் சம்பந்தி. நான் வேறு கூட்டம். உள்ளே சரசுவின் தையல் மிஷின் சத்தம் நின்றது...

இன்று எனக்கு ஐம்பத்தாறு வயது. அதே வீட்டில்தான், வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கிறேன். சந்தோஷமாக இருக்கிறேன், இதில் பொய்யில்லை. மகள் கல்லூரிக்குப் போகிறாள். சரசு தைத்துக்கொண்டே என்னைக் கேலி செய்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், “அந்த மோட்டாரு மட்டும் ஒழுங்கா ஓடியிருந்தா நான் தப்பிச்சிருப்பனுங்க” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

ஆனால் அந்தத் தண்ணீர்! பருப்பு வேக மறுக்கிறது. பாத்திரத்தில் வெள்ளை படிகிறது. குடிக்கத் தெருக்குழாய்த் தண்ணீர் வரும் நாளுக்காகக் குடங்கள் காத்திருக்கின்றன. அது தீர்ந்த நாளில் மாமா போர்த் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, டம்ளரை அப்படியே வைத்துவிடுவார். தண்ணீரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டார். சொல்வது வேறு.

“மூலை பாக்காம வெட்டிப்போட்டனுங்க. என்னாலதான் அம்மணி அத்தன வருசம் ஊட்டுலயே உக்காந்துருச்சு.”

தன் கையால் வெட்டிய கிணற்றை இழந்தவர், மகளின் இளமையைக் கெடுத்ததும் தானே என்று நம்பிக்கொண்டிருக்கிறார். என்னிடம் இருக்கிறது அதற்கு மருந்து. கொடுத்தால் சரசு என்னை எப்படிப் பார்ப்பாள்? அந்தப் பயத்தில் ஒரு கிழவரைத் தினமும் நோக விடுகிறேன்.

போன வாரம் சமையலறைச் சுவிட்ச் தேய்ந்துபோயிற்று என்று மாற்றினேன். அன்றைக்குக் கிணற்று மேட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த அதே சுவிட்ச். மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றியதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க மாப்ளெ... அந்தக் கோளாறு எங்கேன்னு அப்பறமாச்சும் புடிபட்டுச்சுங்களா?”

அவர் கண்களைப் பார்த்தேன். வயரில்தான் கோளாறு என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று அவை கேட்டன. அடுப்படியில் சரசு திரும்பிப் பார்த்தாள்.

“புடிபடலீங்க மாமா.”

“அப்பக் கெணறுதானுங்க” என்றார் மெதுவாக. சுவிட்சை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

புதியதை மாட்டி முறுக்கினேன். சரசு தட்டினாள். மோட்டார் உடனே ஓடியது.

“இதும் நின்னுபோச்சுன்னா இனி எந்த மாப்பிள்ளையைக் கூப்படறதுங்க?” என்றாள். சிரிப்பு வந்தது எனக்கு. உண்மையான சிரிப்புதான்...

மாமா எழுந்து வெளியே போனார். கிணறு இருந்த இடம் இப்போது வெறும் மண். அதன் மேல் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. இருந்தும் அவர் அந்த வட்டத்தை மிதிப்பதில்லை. கைப்பிடிச் சுவர் இன்னும் இருப்பதுபோல் சுற்றித்தான் போவார்.

பழைய சுவிட்சை எடுத்துக்கொண்டு நானும் அவர் பின்னால் போனேன். சுற்றித்தான் போனேன்.