அந்தக் குட்டியின் அப்பா யார்?

குரங்கு விட்டை பொறுக்குவதும் விலங்கியல் படித்தவள் செய்கிற வேலைதான். கூட்டத்தில் எந்தக் குட்டிக்கு எந்த ஆண் அப்பா என்று பரிசோதனைக் கூடத்தில் கண்டுபிடிக்க அது வேண்டும். கணக்கெடுப்புக்கென்று வெயிலில் தெருத்தெருவாக அலைந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

கையுறை

கோவில்பதாகை என்ற ஊரில் ஒரு வீட்டு மதிலோரம் குந்தி, கையுறை மாட்டிக்கொண்டு, குப்பியில் அள்ளிக்கொண்டிருந்தேன். செய்வினை வைக்கிறேன் என்று நினைத்து வீட்டுக்கார அம்மா வெளியே வந்துவிட்டார். அடையாள அட்டையைக் காட்டிக் கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அள்றதுதான் அள்ற, மொட்ட மாடிலயும் நெறய கீது, அதையும் அள்ளிக்கினு போம்மா."

பட்டினி

குரங்குக் கூட்டத் தலைவனுக்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருந்தோம். இணை சேரும் பருவத்தில் இருந்த ஒரு பெண் குரங்கின் பின்னாலேயே அவர் ஒரு வாரம் சுற்றினார். வேறு ஆண் கிட்டே வந்தால் துரத்துவார். அவள் வயிறாரத் தின்றாள். அவருக்குத் தின்ன நேரமில்லை. பார்க்கவே இளைத்துப்போனார்.

ஒருநாள் எதிர்வீட்டு மதிலில் ஏறிய வேறொரு ஆண் குரங்கை விரட்டிக்கொண்டு ஓடினார். அந்த ஒரு நிமிடத்தில், யாரோடும் சண்டைக்குப் போகாத சின்ன ஆண் ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவளோடு சேர்ந்துவிட்டு நழுவியது. நேரத்தைக் குறித்துக்கொண்டேன். என்னோடு வேலை பார்க்கும் முருகன் கேமராவை இறக்கினான். "பெர்சு பட்டினி கெடந்து காவல் காக்குது, சிறுசு சத்தமில்லாம வந்துட்டுப் பூட்சிக்கா."

ஆறு நாள்

சில மாதம் கழித்து அவளுக்குக் குட்டி பிறந்தது. அதன் விட்டை மாதிரியை எடுப்பதற்குள் குடியிருப்போர் சங்கம் குரங்குக் கூட்டத்தையே கூண்டில் பிடித்துக் காட்டில் விட ஏற்பாடு செய்துவிட்டது. பிடித்துவிட்டால் இரண்டு வருட உழைப்பு வீண். சங்கச் செயலாளர் வாசலில் மூன்று நாள் காலையில் போய் நின்றேன். அவர் மனைவியின் கையைக் குரங்கு பிறாண்டியிருந்ததால் அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. பத்து நாள் கேட்டேன், ஆறு நாள் தந்தார். ஐந்து நாள் மழை. தாயும் குட்டியும் மரத்தை விட்டு இறங்கவில்லை. ஆறாம் நாள் காலையிலும் நனைந்தபடி வேப்ப மரத்தடியில் நின்றேன். குட்டியின் விட்டை கிடைத்தது. குப்பியின் மூடியை இரண்டு தரம் திருகினேன்.

பரிசோதனை முடிவு வந்தபோது கூட்டம் ஊரில் இல்லை. அப்பா அந்தச் சின்னவன்தான். செயலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். மற்ற குட்டிகளில் பெரும்பாலானவை பெரியவருடையவை, அதற்கு அவர் தன் உடம்பை விலையாகக் கொடுத்தார். சின்னவனுக்குக் குட்டி குறைவு, ஆனால் உடம்பு தப்பியது என்று விளக்கினேன். செயலாளர் கேட்டார்: "அப்ப எந்த வழி சரின்னு நீ இன்னும் சொல்லலியேம்மா."

இரண்டு வழியிலும் குட்டி பிறக்கிறது, இரண்டு வழியிலும் ஏதோ ஒன்று குறைகிறது. எது சரி என்று குரங்குகளே இன்னும் முடிவு செய்யாதபோது நான் எங்கே சொல்ல?