இரைச்சலை நீக்கிய பிறகு

வெறும் சோப்பு டப்பாதான். மூடியில் அக்கா கம்பியைக் காய்ச்சி இட்ட துளைகள். உள்ளே விரலகல ஆம்ப்ளிஃபையர் போர்டு, பழைய செல்போன் பேட்டரி, சின்ன ஸ்பீக்கர். வெளியே நீளும் ஒயரின் நுனியில் காலரில் மாட்டும் மைக். சித்தூரில் எங்கள் வீட்டு டிவி அலமாரியில் இன்றும் இருக்கிறது. ஊர் ஊராக மேடையேறி முழங்கியவன் நான்; இந்த மைக் முன் மட்டும் எனக்கு நா எழுவதில்லை.

அப்பாவை நைனா என்றுதான் அழைப்போம்; மாங்காய் மண்டியில் ஏலம் கூறியவர். தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடியும் அவர் கூவல் லாரி ஹாரனுக்கும் அடங்காது. பட்டிமன்றத்தில் எனக்கு விழும் கைதட்டலில் பாதி அந்தத் தொண்டைக்கு உரியது என்று பெருமையோடு சொல்லிக்கொள்வேன். திருப்பதியில் அந்தத் தொண்டையை அறுத்துத்தான் புற்றை எடுத்தார்கள். மிஞ்சியது, காதை உதட்டருகே வைத்தால் மட்டும் கேட்கும் வெறும் மூச்சுக் குரல். நோய் திரும்பக்கூடும் என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. அதற்குள் ஒரே ஒரு முறை மண்டியில் ஏலம் கூற வேண்டும் என்றார் நைனா. வேறெதையும் அவர் கேட்கவில்லை.

வேலை பார்க்கும் செல்போன் தொழிற்சாலையிலிருந்து திரும்பியதும் அக்கா சமையல் மேடையிலேயே பட்டறை போடுவாள். ஒருபுறம் குழம்பு கொதிக்கும், மறுபுறம் ஈயம் உருகும். பெட்டியை முதன்முதலில் மாட்டியபோது நைனாவின் குரல் வாசல்வரை கேட்டது. கூடவே ஓயாத இரைச்சலும்.

“இன்னாமே இது, களுத்துல குக்கரக் கட்டி வுட்டுக்கினு கீறே? மண்டில சிரிப்பானுங்கமே” என்றார் நைனா, பெட்டி வழியாக.

“சும்மா இரு நைனா. நாளைக்கு சத்தமே வராம பண்ணிட்றேன்” என்றாள் அக்கா.

இரைச்சலை வடிகட்ட ஒரு கெப்பாசிட்டரைப் பற்றவைத்தாள். “ஹலோ, ஹலோ” என்று தன் முழுக் குரலில் பேசிப் பார்த்தாள். மணிபோல் ஒலித்தது.

மறுநாள் மண்டிக்குப் புறப்படச் சலவைச் சட்டை போட்டு நின்ற நைனா வாயசைத்தார். பெட்டியில் ஒன்றும் இல்லை. கழுத்து நரம்பு புடைக்க மறுபடியும் முயன்றார். அதுவரை அவர் வாயருகே குனிந்து கேட்டவர்கள், அன்று பெட்டியையே பார்த்து நின்றோம். பெட்டி நன்றாக இருக்கிறது, குரல்தான் போய்விட்டது என்று அவர் முடிவுகட்டினார். மைக்கைக் கழற்றி வைத்தார். பிறகு பேச முயலவேயில்லை.

சில நாள் கழித்து, அவர் கண்ணயர்ந்திருந்தபோது அக்கா மெல்லக் கிசுகிசுத்து அந்தப் பெட்டியைச் சோதித்தாள். மௌனம். அப்போதுதான் விளங்கியது: மூச்சுக் குரலும் இரைச்சலும் ஒரே இனம், வெறும் சீறல். ஒன்றை வடிகட்டியது மற்றொன்றையும் வடித்துவிட்டது. கெப்பாசிட்டரை வெட்டி எறிந்துவிட்டு அவரை எழுப்பினாள்.

“என் தப்புதான் நைனா. உன் கொரலு போவல. ஒரே ஒரு தபா பேசு, நைனா.”

நைனா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். மைக்கை அவள் மடியிலேயே திரும்ப வைத்தார். மாங்காய்க் காலம் முடியுமுன் போய்ச் சேர்ந்தார்.

எந்தத் தலைப்புக்கும் இருபுறமும் வாதாடக் கற்றவன் நான். இதற்கு மறுதரப்பு எனக்கு அகப்படவில்லை.

சில மாலைகளில் அக்கா பெட்டியை எடுத்து முடுக்குகிறாள். இரைச்சல் எழுகிறது. மைக்கை உதட்டருகே வைத்து, பக்கத்தில் நிற்கும் எனக்கே கேட்காதபடி முணுமுணுக்கிறாள். “நைனா” என்கிறது பெட்டி, ஓர் எழுத்தும் சிதையாமல்.