பிடுங்கிய விடைத்தாள்

பேரனின் கணக்குத் தாளில் ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

ராயபுரத்தில் நானும் பெரியம்மா மகள் ஸ்டெல்லாவும் ஒன்றாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதினோம். ஜன்னல் வழியே மீன் வாடையும் கரித்தூசியும் வந்த ஹாலில், எழுதி முடித்த கணக்குகளை அவள் சரிபார்க்கத் தொடங்கினாள். சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்த சூப்பர்வைசர் வந்து நின்றார்.

“முடிச்சிட்டு இன்னா உக்காந்துகினு கீற? குடு.”

“சரிபாக்குறேன் சார். இன்னும் டைம் கீது.”

“கட்டிக்குடுக்கப் போற பொண்ணுக்கு எவ்ளோ மார்க் வந்தா இன்னா?” என்று தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

வழியில், மாதா கோயில் சுவரோரம் ஸ்டெல்லா நின்றுவிட்டாள். ஒரு பெரிய கணக்கில் மைனஸ் குறியை விட்டிருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வீட்டில் பெரியப்பா, “கவனமா எழுதக் கூடாதா?” என்றார்.

அடுத்த பரீட்சையில் அதே ஆள் சீக்கிரமே கை நீட்டினார். ஸ்டெல்லா இரண்டு முழங்கைகளையும் தாள்மேல் ஊன்றிக்கொண்டாள். “மணி அடிக்கட்டும் சார்.” நாங்கள் யாருமே தாளைக் கொடுக்கவில்லை.

ஆனாலும் கணக்கில் போன மார்க் போனதுதான். காலேஜில் பி.யூ.சி. சேரும்போது அவளுக்குக் கணக்கு குரூப் கிடைக்கவில்லை.

பேரனைத் திட்ட வந்த மகளை நிறுத்திவிட்டுக் கேட்டேன். “சரிபாக்க நேரம் குடுத்தாங்களாடா?”