பர்ஸானாவின் நிகாஹ்வில் நான் சொல்லாதது

அல்லாஹ் என் துஆவை ஏற்றுக் கபூலாக்கினான். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் என் பிழையைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

சிறு வயதிலிருந்தே எனக்குத் திக்குவாய். அட்டாளைச்சேனையில் வயல் செய்கிறேன். நெல்லோடு பேசத் தேவையில்லை என்பதால் காலம் போனது. பிறகு மூத்த மகள் பர்ஸானாவின் நிகாஹ் வந்தது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "என் மகளை உங்களுக்கு நிகாஹ் செய்து தந்தேன்" என்று பெண்ணின் வாப்பாதான் சபையில் சொல்ல வேண்டும். எனக்கு உயிரே போய்விட்டது. சம்பந்திமார் சிரித்தால்? தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொல்லி, மௌலவியிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டேன். ஒலிபெருக்கியில் வேறு குரலைக் கேட்டு உள்ளறையில் மகள் அழுதாளாம். மனைவி வந்து சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகையிலும் ஒரே துஆதான். "யா அல்லாஹ், இளையவளின் நிகாஹ்வுக்காவது என் வாயைத் திறந்து விடு." ஆறு வருடம் அழுது கேட்டேன்.

போன வருடம் மச்சானுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சுப் போனது. அவரைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். பயிற்சி கொடுப்பவள் காரைதீவுப் பிள்ளை, என் மகள் வயதுதான். மச்சானின் பெயரைச் சொல்ல நான் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்களும் வாங்க" என்றாள்.

வைத்தியமா அது! "திக்காமக் கதைங்க எண்டு நான் சொல்ல மாட்டன். கடைக்குப் போய் வேணுமெண்டே திக்குங்க" என்றாள். இந்தப் பிள்ளைக்கு விசர் என்றே நினைத்தேன். ஆனாலும் போனேன். பேக்கரியில் நின்று, "ப்... ப்... பாண்" என்றேன். கடைக்காரர் நான் முடிக்கும்வரை பார்த்து நின்றார். அண்ணன் முறை வைத்து, "எத்தின காக்கா?" என்று மட்டும் கேட்டார். சிரிக்கவே இல்லை! வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கடை கடையாகத் திக்கினேன். பயம் போகப் போகத் திக்கலும் குறைந்தது.

இளையவளின் நிகாஹ்வில் நானே சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில் திக்கியது. சபை பொறுத்திருந்தது. சொல்லி முடித்தேன். அல்ஹம்துலில்லாஹ்!

பிறகு உள்ளே போய், "என்னை மாப் பண்ணுங்க மகள்" என்று பர்ஸானாவிடம் கேட்டேன்.

"அண்டைக்கும் இப்படித் திக்கியே சொல்லியிருக்கலாமே, வாப்பா" என்றாள். "நான் உங்கட குரலக் கேக்கத்தானே காத்திருந்தன்."



குறையோடு இருக்கிறவர்களே, அல்லாஹ்விடம் கேளுங்கள், நிச்சயம் தருவான். ஆனால் குறை தீரட்டும் என்று பிள்ளைகளைக் காக்க வைக்காதீர்கள். எனக்கு அவன் பேச்சைத் தந்துவிட்டான். பர்ஸானாவின் நிகாஹ் நாள் இனி வராது.