கோடையில் சொன்ன கதை

என் பெரியம்மா மகன் வில்பர்ட் பிட்சிலி, நாற்பது வயது வரை நல்ல பெயர் எடுத்தவர். அமெரிக்கப் பாலைவனத்தில், எங்கள் நவஹோ பழங்குடியின் மண்ணில், தன்னந்தனியாக நிற்கும் சிவப்புப் பாறைக்குன்றைச் சுற்றி ஜீப் ஓட்டி, பயணிகளுக்கு விளக்கம் சொல்வார்.

"மேல இருக்குற தொப்பி கெட்டி மணற்கல்லு. அடியில இறுகிப்போன சேறு. மழையும் காத்தும் அடியத்தான் தின்னும். அடி கரைஞ்சா தொப்பி ஒடைஞ்சு விழும்" என்பார்.

பாறைக்கு இன்னொரு கதையும் உண்டு. உறைபனி விழுந்து, பாம்பும் கரடியும் உறங்கிய பிறகுதான் அதைச் சொல்லலாம். வெயில் காலத்தில் சொன்னால் பாம்பு தேடி வரும் என்பார்கள் எங்கள் பெரியவர்கள். இதை நான் எழுதுவது ஜூன் வெயிலில். உங்களுக்கும் சொல்ல மாட்டேன். குளிர்காலத்தில் உறவுகள் கூடும்போது அதைச் சொல்லும் உரிமையை என் அம்மா வில்பர்ட் அண்ணனுக்குத்தான் கொடுத்திருந்தாள். பெற்ற பிள்ளையான எனக்குக் கொடுக்கவில்லை.

ஒரு ஜூலையில் அம்மா கடைக்குப் போக அந்த ஜீப்பின் கடைசி இருக்கையில் ஏறியிருந்தாள். நான் அண்ணன் பக்கத்தில். பயணி ஒருத்தி கொட்டாவி விட்டு, "இவ்வளவுதானா? வெறும் சேறா?" என்றாள்.

அண்ணனுக்குச் சுருக்கென்றது. அந்தக் கதையை எடுத்துவிட்டார், முழுசாக. பின்னால் அம்மா இருப்பதையே மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. தோளைத் தொட்டிருந்தால் நிறுத்தியிருப்பார். அந்தப் பெண் வாயடைத்துப் போவதைப் பார்க்க ஆசைப்பட்டுச் சும்மா இருந்தேன், வெட்கங்கெட்டவன். பயணிகள் கைதட்டினார்கள்.

"இங்கயே எறக்கி விடுப்பா" என்றாள் அம்மா.

"கடை இன்னும் ரெண்டு மைல் இருக்கு சின்னம்மா."

"நடந்துக்கறேன்."

தரையைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்துப் போனாள், பாம்புக்குப் பயந்து. அதன்பின் அண்ணன் எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. இந்தக் குளிர்காலம் கூப்பிடுவாளா என்று என்னிடம் மட்டும் நாலு தடவை கேட்டார்.

டிசம்பரில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். அடுப்பைச் சுற்றி உறவெல்லாம், ஆட்டிறைச்சிச் சாறும் பொரித்த ரொட்டியுமாக. அண்ணன் கதவோரம் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்தார். மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தோம்.

அம்மா ஒரு ரொட்டியை அவர் கையில் கொடுத்தாள். "கதைய நான் சொல்லிக்கறேன். நீ அந்தச் சேத்துக் கதையச் சொல்லு ராசா. அதுக்குக் காலம் நேரம் கெடையாது."

சின்னஞ்சிறுசுகள் சிரித்தன. அண்ணன் எழுந்து நின்று, "மேல இருக்குற தொப்பி கெட்டி மணற்கல்லு" என்று தொடங்கினார். 'அடி கரைஞ்சா' என்ற இடத்தில் நிறுத்தி, கதவோரம் உட்கார்ந்துவிட்டார்.

நிறுத்தியிருக்க வேண்டியவன் நான்தான் அம்மா என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தேன்.