முட்டை ஊசிக்கு முருகனிடம் உத்தரவு

இந்நிகழ்ச்சியைப் பொறுத்தவரை, நான் நேரில் கண்டதையும், கண்டவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதையும் மட்டுமே எழுதுகிறேன். காரணம் உண்டு. எங்கள் உறவினர் இதைச் சொல்லிச் சொல்லி, ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் விடியலில் என் தம்பி சேவல்போலக் கூவினான் என்னும் அளவுக்குக் கொண்டுபோய்விட்டனர். அவன் கூவவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் இறுதி. கோயம்புத்தூரில் பஞ்சாலையொன்றில் பணிபுரிந்த தம்பிக்கு, ஆப்பிரிக்காவில் பருத்தி அரைக்கும் ஆலையில் மேற்பார்வை வேலை கிடைத்தது. அது கிடைப்பதற்காகவே அவன் பழனிக்கு நேர்ந்திருந்தான்: போய்த் திரும்பிக் காவடி எடுக்கும்வரை கவுச்சி தொடுவதில்லை. முட்டையும் அதில் அடக்கம். வேலை கொடுத்தவர்களோ, கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்குப் பம்பாயில் ஊசி போட்டுக்கொண்டால்தான் கப்பலேற்றுவோம் என்றனர்.

எங்கள் மருத்துவரிடம் அம்மா விசாரித்தார்.

“ஏனுங்க டாக்டரு, அந்த மருந்துல என்னென்ன போடறாங்க?”

“அந்தக் காய்ச்சலோட கிருமியேதானுங்கம்மா, உசுரோட. வீரியத்தை மட்டும் கொறச்சிருப்பாங்க.”

“செரி.”

“கெட்டுப்போகாம இருக்க, மனுச ரத்தத்துல பிரிச்ச தண்ணி கொஞ்சம்.”

“இருக்கட்டுங்க.”

“கிருமியக் கோழி முட்டைக்குள்ள, குஞ்சுக் கருவுல வளத்தி, அரைச்சு எடுக்கறாங்க.”

“ஐயையோ! முட்டைங்களா?”

உயிருள்ள நோயும் அயலான் குருதியும் அம்மாவை உறுத்தவில்லை. முட்டையை மட்டும் நீக்கித் தரும்படி பம்பாய்க்குச் சொல்ல இயலுமா என்று கேட்டார்.

“வாயில போனாத்தானுங்களே கவுச்சி? இது கையில போகுது” என்றார் மருத்துவர்.

“அந்தக் கை மட்டும் பழனிக்கு வராதுங்களா?” என்றார் அம்மா.

மருத்துவர் அடுத்த நோயாளியை அழைத்தார்.

இத்தகைய வழக்குகளை எங்கள் பக்கத்தில் பூ கேட்டுத் தீர்ப்பார்கள். சிலையின் இருபுறமும் பூ வைப்பர். வலப்புறப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு, இடப்புறமாயின் இல்லை. அம்மா, தம்பி, நான் மூவரும் அருகிலிருந்த முருகன் கோயிலுக்குச் சென்றோம். பூசாரி பூ வைத்து, ஊசிக்கு அனுமதி வேண்டி விண்ணப்பித்தார். அம்மா குறுக்கிட்டார்.

“ஊசின்னு மட்டும் சொன்னா எப்புடீங்க? உள்ள இருக்கறதையும் சொல்லுங்க. மறைச்சுக் கேட்டுப்போட்டா அப்பறம் செல்லாது.”

சன்னதியில் முட்டை என்று உச்சரிக்கப் பூசாரி கூசினார். “கோழி சமாச்சாரம் ஒண்ணு கலந்திருக்குது, சாமி” என்று தாழ்ந்த குரலில் தெரிவித்தார். நெடுநேரம் இரு பூக்களும் அசையவில்லை.

“சாமி ரோசனை பண்ணுதுங்க” என்றார் பூசாரி.

“பண்ணட்டுமுங்க. அதுவரைக்கும் கப்பல் நிக்குமுங்களா?” என்றான் தம்பி.

அப்போது திருநீற்றுத் தூள் மூக்கிலேறிப் பூசாரி தும்மினார். வலப்புறப் பூ தரையில் கிடந்தது.

“உத்தரவு ஆயிப்போச்சு!” என்று தம்பி குதித்தான்.

“இரு கண்ணு. தும்மல்ல உழுந்த பூ கணக்குல வருமுங்களா?” என்று அம்மா பூசாரியிடம் கேட்டார்.

“தும்ம வெச்சவனும் அவன்தானுங்கம்மா” என்றார் பூசாரி, மூக்கைத் துடைத்தபடி. அம்மா குனிந்து அந்தப் பூவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

தம்பி பம்பாய் சென்றான், ஊசி போட்டுக்கொண்டான், கப்பலேறினான். இம்மூன்றையும் அவனை வழியனுப்பியவரிடம் விசாரித்து அறிந்தேன்.

பூ தும்மலுக்கு முன்னரே நழுவியதா, தும்மலால் நழுவியதா என்பது தெரியவில்லை. அக்கணத்தில் நாங்கள் மூவருமே பூசாரியின் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.