பின்னால் நிற்பவரை வெளியே போகச் சொல்லுங்கள்

நம்பினால் நம்புங்கள். அக்கா வீட்டுப் பின்னறையில், பட்டப்பகலில், எனக்கே நடந்தது இது. பேய் ராத்திரியில்தான் வரும் என்பவர்கள் இந்தக் காலத்தில் வேலை தேடிப் பார்த்ததில்லை. நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மென்பொருள் வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. எந்த இன்டர்வியூவிலும் விடை தெரியாமல் நான் தோற்றதில்லை. வாய்தான் காலை வாரியது. திக்கும், வியர்க்கும். அதனால் தினமும் லேப்டாப் கேமரா முன் உட்கார்ந்து, தயங்காமல் சிரித்துப் பேசுகிற ஒருவனாகப் பழகினேன்.

"உள்ள யாருடா பேசறது? உன் குரல் மாதிரியே இல்லையே," என்று அக்கா கேலி செய்வாள். என் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் அவள் ஊஞ்சலிலிருந்து தள்ளிவிட்டதில் வந்தது. அதைத் தடவிப் பார்த்து, "நீதானா?" என்று சிரிப்பாள்.

அன்றைய இன்டர்வியூதான் கடைசி. இதுவும் கைநழுவினால் அத்தானின் டயர் கடையே கதி. யாரும் குறுக்கே வரக்கூடாது என்று, வாசல் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகும்படி அக்காவிடம் சொன்னேன். பூட்டிவிட்டுப் போனாள்.

சரியாகப் பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. கேள்வி கேட்பவர் ஒரு பெண்மணி. முகம் தெரியவில்லை, குரல் மட்டும். பக்கத்தில் யாரும் ஒளிந்திருந்து விடை சொல்லவில்லை என்று காட்ட, முதலில் லேப்டாப்பை அறை முழுக்கச் சுற்றிக் காட்ட வேண்டும். கட்டில், அலமாரி, மேசைக்கு அடியில்... எல்லாம் காட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

"சரி. பின்னாடி நிக்கறவர வெளிய போகச் சொல்லுங்க."

திரும்பினேன். வெறும் சுவர்.

"யாரும் இல்லையே மேடம்."

"இருக்காரு. உங்க சட்டை மாதிரியே போட்டிருக்காரு."

மறுபடி சுற்றிக் காட்டினேன்.

"இப்ப கட்டில்ல உக்காந்துட்டாரு."

க்றீச்...

எனக்குப் பின்னால் கட்டில் முனகியது.

பிறகு கேள்வி வந்தது. வாயைத் திறந்தேன். விடை தானாகக் கொட்டியது. திக்கவே இல்லை. உள்ளே உயிர் போய்க்கொண்டிருந்தது. திரையின் மூலையில் என் முகமோ சிரித்துக்கொண்டிருந்தது.

"அவர் அழறாரு," என்றது குரல்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை...

"எழுந்து வந்து உங்க தோளப் பிடிச்சு உலுக்கறாரு. தெரியலையா?"

தெரியவில்லை.

11:23. அழைப்பு துண்டானது.

மாலையில் மின்னஞ்சல் வந்தது. விடைகள் எல்லாம் சரியாம். ஆனால் அறையில் இன்னொருவர் இருந்ததால் நிராகரிக்கிறார்களாம். சாட்சிக்கு ஒரு படமும் வைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் மங்கலாக ஒருவன்.

பூட்டைத் திறந்து வந்த அக்காவிடம் நீட்டினேன்.

"பாருக்கா. பின்னாடி யாரோ..."

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். நிற்பவனின் இடது புருவத்தைப் பிளந்த தழும்பு.

"இது நீதானேடா... அப்ப உக்காந்திருக்கறது யாரு?"

அவள் விரல் என் புருவத்துக்கு வந்தது. தடவியது. மறுபடி தடவியது.

வழவழப்பு.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என் தம்பி எங்க?"

பதில் சொன்னேன். தயங்காமல், சிரித்துக்கொண்டே.